மரத்துக்குப் பட்டி பார்த்தவர்

புன்மாவின் வண்டியில் ஏறுகிறவர்கள் ஊர்ப்பெயர் சொல்வதில்லை, எண்தான் சொல்வார்கள். "இருநூத்திப் பன்னெண்டுல நிறுத்துங்க." "முன்னூத்தி ஆறு தாண்டினதும் கோழிக்கடை." சியாங்மாயிலிருந்து லாம்பூன் போகும் பழைய சாலையின் இரண்டு பக்கமும் யாங் மரங்கள். ஒவ்வொன்றின் மார்பிலும் ஒரு தகர எண். மூன்று பேர் கைகோத்து நின்றாலும் கட்டிப்பிடிப்பது கஷ்டம். காற்றடித்தால் இரட்டைச் சிறகு வைத்த கொட்டைகள் சுழன்று இறங்கி வண்டிக் கூரையில் சடசடவென்று விழும். அந்தச் சத்தத்துக்குக் கீழே நாற்பத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டினார் புன்மா.

வண்டி நீல நிறம். பின்பக்கம் எதிரெதிரே இரண்டு நீள பெஞ்சு, கூரையில் மணிப் பொத்தான். மழைக்காலம் முடிந்ததும் வருஷா வருஷம் அவரே துரு சுரண்டுவார், ஓட்டைக்கு வலை வைத்து அடைப்பார், பட்டி பார்ப்பார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பார். கிளை விழுந்து கூரை மூன்று தடவை நசுங்கியது. மூன்று தடவையும் நிமிர்த்தினார். நிமிர்த்திய இடம் எது என்று யாராலும் காட்ட முடியாது. அவர் கைவேலையில் அவருக்கே பெருமையாக இருந்த விஷயம் அது. அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்தார். அதை ஐந்து மாதம் வரை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

முன்னூற்று நாற்பத்தேழாம் மரம் அவர் வீட்டு வாசலில் நின்றது. இளவயதில் லம்துவன் என்ற பெண் தினமும் காலையில் பூண்டுக் கூடையோடு அந்த மரத்தின் வேரில் உட்கார்ந்து அவர் வண்டிக்குக் காத்திருப்பாள். முதல் வருஷம் அவள் கட்டணம் கொடுத்தாள், அவர் வாங்கினார். இரண்டாம் வருஷம் அவள் நீட்டினாள், அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வருஷம் கல்யாணம். ஒரு மகள், கேவ்தா. லம்துவன் இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

இறந்தவர்களுக்குச் சோறு வைக்கும் பௌர்ணமியில் ஊரே கோவிலுக்குக் கூடை தூக்கிப் போகும். புன்மாவும் போவார். வந்து, மரத்தடியிலும் ஒரு இலை போடுவார்.

"கோவில்ல வச்சாச்சே அண்ணே, இங்க எதுக்கு?" என்பாள் பக்கத்து நூடுல்ஸ் கடை புவாலை.

"அவ வண்டியிலதான் வருவா. முன்னூத்தி நாப்பத்தேழுன்னு சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். கோவில் எந்த நிறுத்தம்னு அவளுக்குத் தெரியாது."

"மரம் இல்லேன்னா?"

"அதைத்தான் நினைச்சுப் பார்க்கவே பயமா இருக்கு. உன் கடையில இறங்கிடுவா."

"இறங்கட்டுமே. ஒரு கிண்ணம் நூடுல்ஸ் குடுக்கிறேன்."

"செத்தவளை இன்னொரு தடவை சாகடிக்காதே."

புவாலை கரண்டியை ஓங்குவாள். இது வருஷா வருஷம் நடப்பது.

காலையில் வண்டி எடுக்கும் முன் புன்மா ஓர் இரும்புக் கம்பியால் நாலு டயரையும் தட்டிப் பார்ப்பார். காற்று இருந்தால் ஒரு சத்தம், இல்லாவிட்டால் வேறொரு சத்தம். கை சும்மா இராமல் மரத்தையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏறுவார். ஒரு மழைக்கால முடிவில் மரம் 'டொம்' என்றது. காற்றுப் போன டயரின் சத்தம். குனிந்து பார்த்தார். சாலைப் பக்கம், இடுப்பு உயரத்தில், பழைய காயம் ஒன்றின் விளிம்பில் மூன்று காளான். குடைக் காளான் இல்லை. கட்டை போல் கெட்டியாக, அடுக்கிவைத்த தட்டுகள் மாதிரி, மேலே பழுப்பு, ஓரத்தில் வெள்ளை. காயத்துக்குள் விரலை விட்டார். விரல் போனது. பிறகு கை போனது.

அவருக்கு அர்த்தம் தெரியும். முன்னூற்று அறுபத்தொன்றில் இப்படித்தான் மூன்று தட்டு முளைத்தது. பார்க்க வந்தவர்கள் சிவப்புக் குறி போட்டார்கள். எட்டு நாளில் அடிக்கட்டைதான் மிச்சம். அந்தக் குறி போடும் குழுவில் கேவ்தாவும் ஒருத்தி. வனப்படிப்பு படித்தவள். ரப்பர் சுத்தியலும் அளவுநாடாவுமாக மரம் மரமாகத் தட்டிக்கொண்டு போவாள். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனிக்கணும், சிவப்பு என்றால் வெட்டணும். இந்த மரத்தை அவள் பார்த்தால் என்ன நிறம் போடுவாள் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. அப்பா என்பதற்காக நிறத்தை மாற்றுகிற பெண்ணாக அவர் அவளை வளர்க்கவில்லை. அதற்காக முதல் தடவையாக வருத்தப்பட்டார்.

வண்டியை மரத்தோடு ஒட்டி நிறுத்தினார். வண்டியையும் மரத்தையும் சேர்த்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்.

"என்னண்ணே, இந்த வருஷம் சீக்கிரமே தொடங்கிட்டீங்க?" என்றாள் புவாலை.

"துரு ஜாஸ்தி."

ஐந்து நாள் வேலை. காளானைப் பெயர்த்து வாய்க்காலில் எறிந்தார். உள்ளே உளுத்ததைக் கரண்டியால் வாரினார், தவிட்டு நிறத்தில் ஈரமாக வந்தது. சிமெண்ட் குழைத்து இரண்டு மூட்டை இறக்கினார். வாயில் கோழிவலை அடித்தார். அதன்மேல் வண்டிக்குப் போடும் பட்டி, சிவப்புப் பசை கலந்து, மூன்று பூச்சு. காய்ந்த பிறகு சாப்பிடும் முள்கரண்டியால் கோடு இழுத்து மரப்பட்டை போல் வெடிப்பு வைத்தார். சாம்பல் நிறமும் பழுப்பும் கலந்து பெயிண்ட் அடித்தார். எட்டடி தள்ளி நின்று பார்த்தார். அவருக்கே இடம் தெரியவில்லை. கடைசியாகக் கோவில் தலைமைப் பிக்குவை அழைத்துக் காவித் துணி கட்டச் சொன்னார். காவி கட்டிய மரம் துறவி ஆகிவிடும், அதை யாரும் தொட மாட்டார்கள். முன்னூற்று நாற்பத்தேழு துறவறம் பூண்டது. புன்மா மூன்று தடவை விழுந்து கும்பிட்டார். வேறு எந்தத் துறவிக்கும் முன்னால் அவருக்கு அவ்வளவு குற்ற உணர்ச்சி வந்ததில்லை.

அடுத்த மாதம் கணக்கெடுப்புக்குக் கேவ்தா வந்தாள். துணிக்கு மேலும் கீழும் தட்டினாள். சிமெண்ட் கெட்டியாகச் சத்தம் கொடுத்தது.

"நல்லா இருக்கே அப்பா. நான் இதுக்கு ஏதாவது வந்திருக்கும்னு பயந்துட்டிருந்தேன்."

"ஏன் பாப்பா பயம்? நான் பார்த்துக்கிறேன்ல."

முப்பத்துநாலு வயதுப் பாப்பா பச்சைக் குறி போட்டாள். களைப்பாக இருந்தது, அப்பா பட்டி பார்த்த இடத்திலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு இளநீர் குடித்தாள். புன்மா அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் காய்ந்து நாளாகிவிட்டது என்று தெரியும். ஆனாலும் பார்த்தார்.

நாலு மாதம் போயிற்று. முதல் மழை விழுந்ததும் காளான் திரும்பி வந்தது, பட்டியின் ஓரமாக, துணிக்குக் கீழே.

"அண்ணே, உங்க சாமியாருக்குக் காது முளைச்சிருக்கு" என்றாள் புவாலை.

தினமும் காலையில் பிய்த்து எறிந்தார். மூன்றாம் நாள் அவருக்கு முன்பே வேறொருவர் பார்த்துவிட்டார். லாட்டரிக் குலுக்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த நேரத்தில் இந்தச் சாலையில் இரண்டு வால் பல்லி ஓடினாலும் மக்கள் சீட்டுக்கு எண் கிடைக்குமென்று அதன் நீளத்தை அளப்பார்கள். துறவி மரத்துக்குக் காது என்றால் கேட்க வேண்டுமா? மத்தியானத்துக்குள் முப்பது பேர் ஊதுபத்தியும் படைக்கச் சிவப்பு சோடாவுமாக வந்துவிட்டார்கள். ஓர் அம்மாள் முகப்பவுடர் டப்பாவைத் திறந்து, எண் தெரிகிறதா என்று மரத்தில் தேய்த்தாள். எண் தெரியவில்லை. பெயிண்ட் உரிந்தது. உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது.

"சதை!" என்று கத்தினாள். "மரத்துக்குச் சதை இருக்கு!"

மறுநாள் நூற்றைம்பது பேர். பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். புவாலை கடையில் இரண்டு அடுப்பு கூடுதலாக எரிந்தது. புன்மா மட்டும் எதுவும் சாப்பிடவில்லை. வானம் லாம்பூன் பக்கம் கறுத்திருந்தது. முப்பத்தெட்டு மீட்டர் மரம், அடியில் அவர் கை முழுசாகப் போகும் பொந்து, அதன் கீழே நூற்றைம்பது பேர். மரம் நிற்க வேண்டும் என்றுதான் பட்டி பார்த்தார். இப்போது அது விழுந்தால் எங்கே விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கேவ்தாவுக்கும் செய்தி போயிருந்தது. கூட்டத்தை விலக்கி வந்தாள். சதையை நகத்தால் சுரண்டி, மூக்கில் வைத்துப் பார்த்தாள். சின்ன வயதில் ஒவ்வொரு மழைக்கால முடிவிலும் வீடு முழுக்க வீசிய வாசனை. திரும்பினாள். அப்பா வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"அப்பா. எத்தனாம் நம்பர் உப்புத்தாள்?"

"எண்பது போட்டு, அப்புறம் இருநூத்தி நாப்பது."

"உள்ள?"

"சிமெண்ட். ரெண்டு மூட்டை."

"எவ்வளவு ஆழம்?"

அவர் தோளைத் தொட்டுக் காட்டினார்.

அவள் நகத்தில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்தாள். "நான் பச்சைக் குறி போட்டிருக்கேன் அப்பா. என் கையெழுத்து."

"தெரியும் பாப்பா."

"காளானைப் பிச்சுப் போட்டா காளான் போயிடுமா? வெளிய தெரியறது காய்ச்ச காய். செடி பூரா உள்ள இருக்கு. சிமெண்டைக் கொட்டித் தண்ணி வெளிய வராம அடைச்சு, அதுக்கு நல்லா ஊறல் போட்டுக் குடுத்திருக்கீங்க."

"வேலை நல்லா இருந்துச்சா?"

"அப்பா!"

"சும்மா கேட்டேன்."

"நான் அதுல சாஞ்சு இளநீர் குடிச்சேன்" என்றாள் கேவ்தா. சிரிப்பு வரக் கூடாத நேரத்தில் வந்துவிட்டது. உடனே நின்றும்விட்டது. "இவங்களை எழுப்பணும். இப்பவே. காத்து வருது."

புன்மா வண்டிப் படியில் ஏறி நின்றார். "எல்லாரும் எந்திரிங்க! அது சதை இல்ல, பட்டி! நான்தான் பூசினேன்!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"எங்களை விரட்டிட்டுத் தனியா நம்பர் பார்க்கப் போறியா?" என்றார் ஒருவர்.

"புவாலைக்கு வியாபாரம் நடக்குதுன்னு வயித்தெரிச்சல்" என்றார் இன்னொருவர்.

"நடக்காம போகட்டும்!" என்று அடுப்படியிலிருந்து புவாலை கத்தினாள். "அண்ணன் வண்டிக்குப் பட்டி பார்த்தா எறும்பு கூட ஏமாந்துடும். எந்திரிங்கடா!"

அதற்கும் அசையவில்லை. புன்மா இறங்கினார். வண்டியிலிருந்து உளியும் சுத்தியலும் எடுத்தார். துணி நடுவில் இருந்தது. துறவியின் மேல் உளி வைக்கக் கை வரவில்லை. ஆள் அனுப்பிப் பிக்குவை வரவழைத்தார்கள். எழுபது வயதுக்காரர். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விஷயத்தைக் கேட்டார்.

"சாமி, நான் பெரிய பொய் சொல்லிட்டேன். துணி கட்டச் சொன்னது மரத்துக்காக இல்ல. ஓட்டையை மறைக்க."

"நீ எத்தனை நாள் பிக்குவா இருந்தே புன்மா?"

"பதினஞ்சு நாள் சாமி."

"ஏன் காவியைக் கழட்டினே?"

"பசி சாமி. சாயங்காலம் சோறு இல்லையே."

"நம்ம ஊர் ஆம்பளை பாதிப் பேர் கட்டினதைக் கழட்டிட்டு வந்தவங்கதான். இது ஒரு மரம். வைத்தியத்துக்காகக் கழட்டுது. அதுல பாவம் இல்ல." பிக்கு தன் கையால் முடிச்சை அவிழ்த்தார். துணியை மடித்துப் புன்மாவிடம் கொடுத்தார். "பொய்க்குத் தனியா நாளைக்கு வா. கோவில் வேன் கதவு துருப்பிடிச்சிருக்கு."

புன்மா தன் வாழ்நாளின் சிறந்த வேலையை எல்லோர் முன்னாலும் உடைத்தார். பட்டி ஓடு ஓடாகப் பெயர்ந்தது. கோழிவலை வந்தது. சிமெண்டில் இரண்டு அடி விழுந்ததும் விளிம்பிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொட்டியது. புளித்த நாற்றம். பின்னாலேயே ஈரத் தவிடு போல் மரம் உதிர்ந்தது. அவர் சிமெண்டின் ஓரமாகக் கையை உள்ளே விட்டார். தோள் வரை போயும், போன தடவை விரலில் தட்டிய உள்சுவர் இப்போது தட்டுப்படவில்லை.

அப்போதுதான் கூட்டம் எழுந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் ஓடினார்கள். பவுடர் அம்மாள் மட்டும் பாதி வழியில் நின்று, "தோள் வரைக்கும்னா எத்தனை சென்டிமீட்டர் அண்ணே?" என்று கேட்டாள்.

"எழுபத்தொண்ணு" என்றாள் கேவ்தா, நாடாவைப் பிடித்தபடி. பிறகு, தானே ஓர் எண் கொடுத்துவிட்டது புரிந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அன்றைய காற்றில் இரண்டு கிளை விழுந்தது. கீழே யாரும் இல்லை.

மூன்றாம் நாள் சாலையை மறித்துச் சோதனை வைத்தார்கள். மரத்தைச் சுற்றிப் பத்து ஆணி, ஒவ்வொன்றாகச் சின்னச் சுத்தியலால் தட்டினால் சத்தம் உள்ளே போய் வரும் நேரத்தை வைத்துக் கணினி படம் போடும். நடுவில் பெரிய நீலம், அது வெற்றிடம். சுற்றிலும் பழுப்பு, அது நல்ல மரம். நீண்ட ஊசியாலும் குத்தி அளந்தார்கள். சாலை அலுவலகத்திலிருந்து வந்தவர் படத்தைப் பார்த்தவுடனே, "வெட்டிடுவோம். தலைவலி விட்டுது" என்றார்.

புன்மா வேரில் உட்கார்ந்திருந்தார், லம்துவன் உட்காரும் இடத்தில். அவர் எதுவும் கேட்கவில்லை. மகளைப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் கேட்டது மாதிரி ஆகிவிடும்.

கேவ்தா படத்தின் மேல் பென்சிலை வைத்தாள். "ஆரம் எழுபத்தஞ்சு. சுவர் குறைஞ்சது இருபத்திரண்டு வேணும். மூணு பக்கம் இருபத்தெட்டுக்கு மேல நிக்குது. சாலைப் பக்கம் மட்டும் பதினாறு. வேர் நல்லா இருக்கு. இந்த உயரத்துக்கு இது தாங்காது, ஒத்துக்கிறேன். உயரத்தைக் குறைச்சா காத்து பிடிக்கிறது குறையும். இருபத்திரண்டு மீட்டருக்கு இறக்கினா இந்தச் சுவர் போதும். சிமெண்டை முழுக்க எடுக்கணும். நிறுத்தத்தை மாத்தணும், யாரும் அடியில நிக்கக் கூடாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அளக்கணும். சுவர் இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சா நானே வெட்டச் சொல்வேன்."

"உங்க வீட்டு மரம்னு பேசறீங்களா?"

"எங்க வீட்டு மரம்னு பார்த்துதான் போன தடவை தப்பா எழுதினேன். இந்தத் தடவை கணக்கு இருக்கு. வேற யாரை வேணும்னாலும் வச்சு அளந்து பாருங்க."

அளந்தார்கள். எண்கள் மாறவில்லை. மரத்துக்கு மஞ்சள் குறி விழுந்தது.

அறிக்கையில் முந்தைய பச்சைக் குறி தன் பிழை என்று கேவ்தா எழுதினாள். புன்மா சண்டை பிடித்தார். "என் பேரையும் எழுது. நீ ஏமாந்தது உன் தப்பில்ல. என் வேலை அப்படி." கடைசியில், 'முன்பு செய்யப்பட்ட சிகிச்சை' என்ற கட்டத்தில் அவள் எழுதினாள்: வாகனப் பட்டி, மூன்று பூச்சு. செய்தவர்: புன்மா. அவர் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வண்டியின் கண்ணாடிக்கு மேலே ஒட்டிக்கொண்டார்.

மரத்தின் தலையைக் குறைத்த அன்று புன்மா பகல் முழுக்கக் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டாளத்துக்குப் போற பையன் மாதிரி ஆயிட்டான்" என்றார். பொந்து திறந்தே கிடந்தது. அடுத்த வருஷம் அதில் ஓர் ஆந்தை குடியேறியது. நிறுத்தம் நாற்பது அடி தள்ளிப் போய்ப் புவாலை கடை முன்னால் அமைந்தது. பயணிகள் அதையும் முன்னூற்று நாற்பத்தேழு என்றே சொன்னார்கள். அந்தக் குலுக்கலில் எழுபத்தொன்று விழவில்லை.

அதன் பிறகு ஆறு தடவை அளந்தார்கள். ஐந்து தடவை நாடாவின் மறுமுனையைப் புன்மா பிடித்தார். ஆறாவது தடவை பிடிக்கவில்லை. "இடுப்புல பிடிப்பு, வண்டியிலயே உக்கார்ந்து பாக்கறேன்" என்றார். தைலம் பூசியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்த கேவ்தாவுக்குத் தைல வாசனைதான் தெரிந்தது. வலி அவருக்கு எட்டு மாதமாக இருந்தது என்று பிறகு மருத்துவர் கணக்குச் சொன்னார். கல்லீரல். கண்டுபிடித்ததற்கும் தகனத்துக்கும் நடுவே பத்தொன்பது நாள். ஞாயிறு தவறாமல் பார்த்தும் அவள் அவருக்குப் பச்சைக் குறிதான் போட்டிருந்தாள்.

அந்த வருஷம் சோறு வைக்கும் பௌர்ணமியும் மரம் அளக்கும் நாளும் ஒன்றாக வந்தன. கேவ்தா முதலில் அளந்தாள். நாடாவின் மறுமுனையைப் புவாலை பிடித்தாள், ஈரக் கையோடு, எண்களைத் தப்பாகப் படித்துக்கொண்டு. சாலைப் பக்கச் சுவர் பதினாறு. குறையவில்லை. பொந்தின் உதட்டில் புதிதாக ஒரு தட்டுக் காளான். அகலம் ஒன்பது சென்டிமீட்டர். பிய்க்காமல் குறித்துக்கொண்டாள். பிறகு வேரடியில் இலை விரித்து, ஒட்டுச்சோறும் மிளகாய்த் துவையலும் பொரித்த பன்றித்தோலும் வைத்தாள், இரண்டு பேருக்கு.

புவாலை கடையிலிருந்து ஆவி பறக்க இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் இறக்கினாள்.

"நிறுத்தம் இப்ப என் கடை முன்னாலதானே பாப்பா. ரெண்டு பேரும் அங்கதான் இறங்கியாகணும். உங்கப்பன் என்ன சொன்னாலும் இன்னிக்கு என் கையால சாப்பிடட்டும்."

"அம்மாவுக்கு நாப்பது அடி நடக்கணுமே அத்தை. புது நிறுத்தம் தெரியாதே."

"ஓட்டிட்டு வர்றவனுக்குத் தெரியும்ல."

கேவ்தா கைக்குட்டையால் தகர எண்ணைத் துடைத்தாள். தூசிதான், துரு இல்லை. ஒரு நீல வண்டி வந்து கடை முன்னால் நின்றது. ஒரு பெண் கூடையோடு இறங்கினாள். வண்டி போன பிறகும் கேவ்தா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சுத்தியலை எடுத்துக்கொண்டு முன்னூற்று நாற்பத்தெட்டாம் மரத்துக்குப் போனாள். தட்டுவதற்கு முன் பட்டையை நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்தாள்.